கழுகுக்கு அடியில் முரசு

சட்டையைக் கையில் வாங்கியதும் பாக்கியலட்சுமி அதன் மடிப்பைப் பிரிக்கமாட்டாள். முதலில் காலரை மட்டும் புரட்டுவாள். கழுத்துப் பட்டையின் உள்பக்கம் தெரியும்படி பெருவிரலால் அழுத்தி, உடம்பைக் கொஞ்சம் சாய்த்து, கடைவாசலின் வெளிச்சம் துணியின் மேல் பக்கவாட்டில் விழும்படி பிடிப்பாள். ஒரு நொடி பார்ப்பாள். பிறகு கால்வட்டம் திருப்புவாள். இன்னொரு நொடி. மறுபடி கால்வட்டம். நான்கு பக்கமும் பார்த்து முடித்த பிறகுதான் சட்டையைக் கொண்டுவந்த ஆளின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள். அதற்குள் அந்த ஆளைப் பற்றிப் பாதி தெரிந்திருக்கும்.

சேங்கொட்டைச் சாற்றில் குச்சியைத் தோய்த்துப் போடும் சலவைக் குறி எத்தனை வெளுத்தாலும் முழுதாகப் போகாது. ஆள் கடை மாறினால் சட்டையும் கடை மாறும். புதுக் கடைக்காரர் பழைய குறியின் மேலேயே தன் குறியைப் போட்டுவிடுவார். கழுத்துப் பட்டையில் இருக்கும் இடம் அவ்வளவுதான். மூன்று கடை கண்ட சட்டையில் மூன்று குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு கறை. பாக்கியத்துக்கு அது மூன்று கடை. சந்தர் ரோட்டில் அவளுடைய அப்பா துரைசாமி நடத்திவந்த லாண்டரிக்கு ஒரு நாளைக்கு இருநூறு உருப்படி வரும். ஒருவர் சட்டை இன்னொருவர் வீட்டுக்குப் போனதாக ஒரு புகாரும் வந்ததில்லை.

வேலாயுதம் அந்தக் கடைக்கு முதன்முதலில் போனது 1958 பிப்ரவரியில். இரண்டு வெள்ளைச் சட்டைகளை மேசைமேல் வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தபடி நின்றான்.

"உங்க சட்டை ரெண்டு கடையை விட்டுட்டு வந்திருக்கு" என்றாள் பாக்கியம். "முதல் கடை ஜொகூர்ப் பக்கம். ரெண்டு கோடு போட்டு நடுவுல புள்ளி வைக்கிறது அங்கதான். இங்கயாச்சும் நிலையா இருப்பீங்களா, இல்ல நாலாவது கடையையும் பார்த்து வெச்சிருக்கீங்களா?"

அவனுக்கு நல்ல பதில் ஒன்று தோன்றியது. ஆனால் தோன்றியபோது அவன் பஃபலோ ரோட்டுத் திருப்பத்தில் இருந்தான்.

வேலாயுதம் அப்படித்தான். இருபத்தாறு வயது. மளிகைக் கடை மாடியில் ஓர் அறை. ஊரிலிருந்து கப்பலில் வரும் சிறு பத்திரிகைகளில் வசன கவிதை என்று நாலைந்து வரிகள் வந்தால் அவற்றை வெட்டி வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகும்போது உதடு அசையாமல் படிப்பான். பேச்சில் எப்போதும் ஒரு தெரு பின்தங்கியவன். ஆனால் பார்வை அப்படியல்ல. மூன்றாவது வாரத்திலேயே அவன் கவனித்துவிட்டான்: பாக்கியம் திருப்பும்போது சட்டை எப்போதும் வலமாகத்தான் சுற்றும், கடினமான குறி என்றால் அவள் மூச்சை நிறுத்திக்கொள்வாள், கண்டுபிடித்துவிட்டால் இடது காதோரத்து மயிரை ஒதுக்குவாள். அதைப் பார்ப்பதற்காகவே வாரத்துக்கு இரண்டாக இருந்த சட்டை நான்காயிற்று.

வேலை மார்க்கெட் ஸ்ட்ரீட்டில். அஹமது கபீர் என்பவரின் ஏலக்கடை. கபீருக்கு நாகூர் பூர்வீகம். அவருடைய வாப்பா காலத்திலிருந்து இங்கேதான். அந்த வருடங்களில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்தன. அவர்கள் விட்டுப்போன பீரோ, பியானோ, பீங்கான் எல்லாம் கபீர் கடைக்கு வரும். எந்தப் பொருள், எந்த ஊர், என்ன பழுது என்று ஆங்கிலத்தில் பட்டியல் எழுதுவது வேலாயுதத்தின் வேலை. எழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் எடுத்திருந்தார்கள். ஆனாலும் தற்காலிகம்தான். நிரந்தரம் ஆகாவிட்டால் அவனுக்கு இருந்த ஒரே வழி, கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்த அக்கா வீட்டுக்காரரிடம் போய்க் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பது. அங்கே லாண்டரி கிடையாது. இருந்தாலும் அதில் பாக்கியம் இருக்கமாட்டாள்.

ஆகஸ்டில் ஒரு சுருட்டுப் பெட்டி வந்தது. ஹோட்டல் ஒன்றில் பல ஆண்டுகள் பேண்டு வாசித்த ஒரு ரஷ்யக்காரர் ஆஸ்திரேலியாவுக்குப் போகுமுன் விற்கக் கொடுத்தது. உள்ளே நாற்பத்து மூன்று செம்புக்காசுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கையை நிறைக்கும் அகலம். தராசுக் கடையின் எடைக்கல் போலக் கனம். நிறம் கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவில். ஒரு பக்கம் இரட்டைத் தலைக் கழுகு, இன்னொரு பக்கம் கிரீடம் வைத்த ஓர் எழுத்து.

ஹாங்காங்கிலிருந்து வாங்குபவர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். கபீர் சொல்ல, வேலாயுதம் அதை வாசித்துத் தமிழில் விளக்கினான்.

"1762-ல் ரஷ்யாவுல ஒரு ராஜா பட்டத்துக்கு வந்திருக்கார், முதலாளி. அஞ்சு கொபெக் காசை எல்லாம் உருக்காம, அப்படியே வேற அச்சுல வெச்சு அடிச்சு, பத்து கொபெக்குன்னு ஆக்கிட்டார். அதுல முரசு, கொடி, நட்சத்திரம் எல்லாம் போட்டிருந்ததாம். ஆறே மாசம்தான் ஆண்டார். அப்புறம் அவர் பெண்சாதி அவரை இறக்கிட்டுத் தானே ராணி ஆயிட்டாங்க. அந்தம்மா அதே காசுகளை மறுபடி அடிச்சு, கழுகைப் போட்டு, திரும்ப அஞ்சாக்கிட்டாங்க."

"அதே காசையா?"

"அதே காசைத்தான். அதனால சில காசுல கழுகுக்கு அடியில பழைய முரசு கொஞ்சம் தெரியும். அவருக்கு அதுதான் வேணுமாம். சும்மா கழுகு மட்டும் இருக்கிறதை சல்லிசாக் கேக்கறார். எதுல முரசு இருக்கு, எந்த இடத்துல இருக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதி அனுப்பச் சொல்றார். செப்டம்பர் முடியறதுக்குள்ள."

கபீர் ஒரு காசை எடுத்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தார். "என் கண்ணுக்குக் கோழிதான் தெரியுது. தம்பி, நீ உக்காந்து பாரு. ஒண்ணு ரெண்டை வீட்டுக்கும் கொண்டு போ. இந்தப் பட்டியல் சரியாப் போச்சுன்னா அக்டோபர்ல உன்னை நிரந்தரம் பண்ணிடறேன். போகலைன்னா நானும் உன்னை வெச்சு என்ன செய்ய, சொல்லு."

பன்னிரண்டு நாள் பார்த்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தான், சன்னலோரம் பார்த்தான், விளக்கடியில் பார்த்தான். கடிதத்தில் வரைந்து காட்டியிருந்த ரஷ்ய எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு, பழைய காசின் எழுத்து எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று தேடினான். எல்லாக் காசிலும் முரசு இருப்பதுபோல் ஒரு நாள் தோன்றும்; மறுநாள் எதிலுமே இருக்காது. பட்டியலில் ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை எண் மட்டும் அழகாக இருந்தது.

பதின்மூன்றாவது நாள், கையோடு கொண்டுபோன காசைக் காணோம். சட்டைப்பை, அலமாரி, பாய்க்கு அடி என்று தேடினான். சனிக்கிழமை சலவைத் துணி வாங்கப் போனபோது, அவனுடைய வெள்ளைக் கால்சட்டையோடு ஒரு கைக்குட்டையும் மேசைக்கு வந்தது. அதன் மூலையில் முடிச்சு. பையில் எது கிடைத்தாலும் அந்த வீட்டுத் துணியிலேயே முடிந்து கொடுப்பது துரைசாமி கடையின் வழக்கம்.

"இதைப் பையில வெச்சுக்கிட்டு எப்படி நடக்கறீங்க" என்றாள் பாக்கியம். "ஒரு பக்கமா சாய்ஞ்சு போவீங்களே."

முடிச்சை அவிழ்த்தான். காசு இருந்தது.

"இது என்ன கோயில் காசா?"

"இல்லையே. ஏன்?"

"மேளம் போட்டிருக்கே, அதான் கேட்டேன்."

வேலாயுதம் காசைப் பார்த்தான். கழுகு இருந்தது. "மேளமா? எங்கே?"

அவள் காசை வாங்கி, காலரைப் பிடிப்பதுபோலவே பிடித்தாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. கால்வட்டம், கால்வட்டம். நின்றாள். "இந்தப் பட்சி தலைகீழா நிக்கட்டும். இப்பப் பாருங்க. சிறகுக்கு இந்தாண்ட ஒரு வளைவு வருதா? அது மேளத்தோட வாய். பக்கத்துல சாய்வா ஒரு குச்சி. இது பட்சியோட இறகு இல்ல. இறகு எல்லாம் ஒரே பக்கமாப் போகுது, இது மட்டும் குறுக்கே போகுது."

அவளுடைய சேங்கொட்டைக் கறை படிந்த விரல்நுனிக்கு அருகே, கழுகின் சிறகிலிருந்து ஒரு முரசு மெல்ல எழுந்து வந்தது. கொடிக்கம்பு ஒன்றும் வந்தது. பன்னிரண்டு நாளாக இந்தக் காசு அவனிடம்தான் இருந்தது.

"லாண்டரிக்குக் கொடுத்தா மேளமும் சேர்ந்து வெளுத்துடும்னு பயந்தீங்களா?" என்று அவள் கேட்டபோது அவனுக்குப் பதில் அப்போதே வந்தது. "இன்னும் நாற்பத்து ரெண்டு இருக்கு" என்றான்.

கபீரிடம் கேட்டுக்கொண்டு தினமும் ஐந்தாறு காசாகக் கொண்டுவந்தான். காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை கடைவாசலில் நல்ல வெளிச்சம். அவள் பார்ப்பாள், அவன் எழுதுவான். பின்னால் துரைசாமி கரி இஸ்திரிப் பெட்டியை ஊதிக்கொண்டு நிற்பார். அவர் அதிகம் பேசுவதில்லை. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து வேலாயுதத்துக்கு ஒரு முக்காலி வந்திருந்தது. ஐந்தாம் நாளிலிருந்து பால் ஊற்றிய கோப்பி.

"இதுல குதிரைக் கால்" என்பாள் பாக்கியம். "குளம்பு மட்டும். மேல ஒருத்தன் உக்காந்திருப்பான் போல, அவன் போயிட்டான்."

"பழைய காசோட மறுபக்கத்துல குதிரை வீரன் உண்டுன்னு எழுதியிருக்கார். எங்க இருக்கு?"

"கிரீடத்துக்கு மேல, ஓரத்துல. ஓரத்துல பாருங்க எப்பவும். நடுவுல அடி பலமா விழும், அங்க எல்லாம் நசுங்கிப் போகும். ஓரத்துலதான் பழசு தங்கும்."

இன்னொரு நாள் அவன் கேட்டான். "எனக்கு ஏன் தெரியலை? நானும் இதே வெளிச்சத்துலதான் பார்க்கிறேன்."

அவள் யோசித்தாள். "நீங்க படிக்கறீங்க. எழுத்தைக் கண்டா உங்க கண்ணு அங்க போய் உக்காந்துக்குது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஜப்பான்காரன் வந்தப்போ எட்டு வயசு, அத்தோட ஸ்கூல் போச்சு. எனக்கு எழுத்தும் கோடுதான், இறகும் கோடுதான். எது எதுக்கு மேல கிடக்குன்னு மட்டும்தான் பார்ப்பேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் குறையும் இல்லை, பெருமையும் இல்லை. வேலாயுதம் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தான். அவள் படித்துப் பார்க்கட்டும் என்று சட்டைப்பையில் மறந்ததுபோல் வேண்டுமென்றே வைத்திருந்த நாலு கவிதைத் துண்டுகள் நினைவுக்கு வந்து காது சுட்டது. நாலும் மடிப்புக் கலையாமல் கைக்குட்டை மூலையில் முடிந்து திரும்பியிருந்தன.

ராஜா, ராணி கதையை அவளுக்குச் சொன்னான். அவள் காசைத் திருப்பியபடியே கேட்டாள்.

"புருஷன் போட்டதைப் பிடிக்கலைன்னா உருக்கியிருக்கலாமே."

"நேரம் இல்லை போல. பட்டத்துக்கு வந்த அவசரம்."

"அவசரம் எல்லாம் இல்லை. உருக்கறதுக்கு மனசு வந்திருக்காது" என்றாள். பிறகு, அப்படிச் சொன்னது அதிகப்படி என்று பட்டதோ என்னவோ, "அடுத்தது குடுங்க, அப்பா பார்க்கறார்" என்றாள்.

காசில் ஒட்டியிருந்த கறுப்பைப் பற்றி அவள் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தாள். பள்ளத்தில் கறுப்பு தங்குவதால்தான் மேடு தெரிகிறது. துணிபோட்டுக்கூடத் துடைக்காதீர்கள் என்று. ஹாங்காங்காரரும் கடிதத்தின் கடைசியில் அதையேதான் எழுதியிருந்தார். தேய்த்த காசு வேண்டாம் என்று.

செப்டம்பர் மூன்றாவது வாரத்துக்குள் முப்பத்தாறு முடிந்துவிட்டன. பதினெட்டில் முரசோ குதிரையோ நிச்சயம்; பதினொன்றில் வெறும் கழுகு; ஏழில் சந்தேகம் என்று எழுதினார்கள். சந்தேகம் என்று எழுதச் சொன்னது அவள்தான். மிச்சம் ஏழு. ஒரு வியாழக்கிழமை காலை அந்த ஏழையும் பெட்டியோடு கொண்டுவந்தான். அதற்குள் கபீர் ஆளனுப்பிவிட்டார். பிடோக் கடலோர பங்களா ஒன்றைக் காலி செய்கிறார்கள், உடனே போய்ப் பட்டியல் எடுக்க வேண்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக அவனுக்கு மனமில்லை. மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை கடையில் சாம்பிராணி மணந்தது. சாமி படத்துக்கு முன்னால் புளிபோட்டுத் துலக்கிய குத்துவிளக்கு பளபளவென்று நின்றது. அதன் காலடியில், வாழையிலைத் துண்டின்மேல் ஏழு காசுகள் வட்டமாக அடுக்கியிருந்தன. ஏழும் குழந்தையின் உள்ளங்கை போல ரோஜா நிறத்தில் மின்னின.

வேலாயுதம் குனிந்தான். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கழுகு, கிரீடம், எழுத்து, எல்லாம் ஒரே பளபளப்பில் கரைந்து கிடந்தன. பள்ளம் எது, மேடு எது என்று தெரியவில்லை.

துரைசாமி இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். பெட்டியைத் தூக்கியவர் அதைத் துணியில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"நான்தான் தேய்ச்சேன்" என்றாள் பாக்கியம். "நேத்து சாயங்காலம் விளக்கோட சேர்த்து. ஏதோ ஞாபகத்துல..."

"நீங்களா?"

"நான்தான்னு சொல்றேனே."

அவள் அவனைப் பார்க்கவில்லை. காசுகளையும் பார்க்கவில்லை. துரைசாமி ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமி, கரி எடுக்கப் பின்கட்டுக்குப் போய்விட்டார். வேலாயுதத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஜொகூர்தான், வரிசை வரிசையாக ரப்பர் மரமும், அக்கா வீட்டு வாசலும்.

"பரவாயில்லை" என்றான். "நான் போய் முதலாளிகிட்ட தவறிப் போச்சுன்னு சொல்லிக்கறேன். உங்க பேரை எடுக்க மாட்டேன்."

"அதெல்லாம் வேண்டாம். நானும் வர்றேன்."

"நீங்க எதுக்கு?"

"எங்க கடையில ஒரு பொருள் கெட்டா எங்க கடை ஆள்தான் போய்ச் சொல்லும். இருங்க, புடவை மாத்திக்கிட்டு வர்றேன்."

சிராங்கூன் ரோட்டில் டிராலி பஸ் ஏறினார்கள். முன் இருக்கையில் அவள், இரண்டு வரிசை பின்னால் அவன். பெட்டி அவள் மடியில் இருந்தது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இறங்கும்வரை அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

கபீர் ஏழு காசையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

"நல்லா இருக்கு. கல்யாண வீட்டுச் சொம்பு மாதிரி இருக்கு. யார் செஞ்ச வேலை?"

"நான்தாங்க" என்றாள் பாக்கியம்.

"என்கிட்டதான் முதலாளி இருந்தது" என்றான் வேலாயுதம். "நான்தான் விட்டுட்டுப் போனேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே நேரத்துல பேசினா நான் யாரைத் திட்டறது?" கபீர் பட்டியலை இழுத்துப் புரட்டினார். "இந்த முப்பத்தாறையும் பார்த்தது நீதானே தம்பி?"

இந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏழு காசு போனாலும் முப்பத்தாறு காசின் பேர் அவனுக்கு இருக்கும். வேலாயுதத்துக்கு அது தெரிந்தது. பேச்சில் எப்போதும் பின்தங்குகிறவன் அன்று பின்தங்கவில்லை.

"இல்லை முதலாளி. எழுதினது மட்டும் நான். எல்லாத்தையும் பார்த்துச் சொன்னது இவங்க. எனக்கு ஒண்ணும் தெரியலை."

கபீர் அவளை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். "இங்கிலீஷ் படிச்சிருக்கியாம்மா?"

"தமிழும் படிக்கலைங்க."

அவர் தன் மேசை இழுப்பறைக்குள் கைவிட்டு, ஏற்கெனவே முடிந்த கறுப்புக் காசுகளில் ஒன்றை எடுத்து நீட்டினார். எண் எழுதிய சீட்டை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். பாக்கியம் சன்னலுக்குப் போனாள். நான்கு திருப்பு. "கழுகு வாலுக்கு இடப்பக்கம் ரெண்டு நட்சத்திரம். மூணாவது பாதி." கபீர் பட்டியலைப் பார்த்தார். அப்படியேதான் எழுதியிருந்தது. இன்னொன்று கொடுத்தார். "இதுல ஒண்ணும் இல்லைங்க. அன்னிக்கும் இல்லைன்னுதான் சொன்னேன்." அதுவும் சரி.

"சரி, இந்தச் சொம்புல?" என்று ரோஜா நிறக் காசைத் தள்ளினார்.

அவள் அதையும் வெளிச்சத்தில் பார்த்தாள். தலையை ஆட்டினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரல் நகத்தைக் காசின் ஓரத்தில் வைத்து மெதுவாக இழுத்தாள். துணியில் நூல் பிசிறைத் தேடுவதுபோல இருந்தது அது. மூச்சை நிறுத்தியிருந்தாள். வேலாயுதமும் நிறுத்தியிருந்தான். கபீரின் சுவர்க்கடிகாரம் மட்டும் நடந்தது. ஒரு காசு, இரண்டு காசு. ஏழும் முடிய அரை மணிக்கு மேல் ஆயிற்று.

"நாலுல கொடிக்கம்பு தட்டுப்படுதுங்க. மூணுல எனக்குத் தெரியலை. தெரியலைன்னே போட்டுக்கங்க."

இடது காதோரத்து மயிரை ஒதுக்கினாள்.

கபீர் பேனாவை எடுத்து வேலாயுதத்திடம் கொடுத்தார். "எழுது. நாலுல முரசு உண்டு, மூணு தெரியலை. ஏழையும் தேய்ச்சிருக்குன்னு கொட்டை எழுத்துல எழுது. மறைச்சு வித்தா அந்த ஆள் ஒரு தரம் வாங்குவார், அப்புறம் இந்தத் தெருவுக்கே வரமாட்டார். விலை போனது போகட்டும். அந்த பேண்டுக்காரருக்கு ஆகிற நட்டத்தை நான் பார்த்துக்கறேன்."

வேலாயுதம் எழுதி முடித்தான். தன் வேலையைப் பற்றிக் கேட்காமல் பேனாவை மூடி வைத்தான். கபீரே சொன்னார்.

"அக்டோபர்ல நிரந்தரம்னு சொன்னேன் இல்ல? ஒரு காசுக்கு ஒரு மாசம். ஏழு மாசம் தள்ளிப் போடறேன். மே மாசம் வந்து ஞாபகப்படுத்து." பிறகு பாக்கியத்தைப் பார்த்து, "நீ ஏம்மா இதெல்லாம் தேய்க்கிறே, பார்க்கிற கண்ணை வெச்சுக்கிட்டு" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. வேலாயுதம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏழு மாசம் நின்னுக்கிட்டே வருவீங்களா?" என்றாள் சன்னலைப் பார்த்தபடி.

உட்கார்ந்தான்.

மே மாதம் அவன் ஞாபகப்படுத்தவில்லை. கபீரே கூப்பிட்டு வேலை நிரந்தரமான கடிதத்தைக் கொடுத்தார். 1960 தை மாதம் வீரமாகாளியம்மன் கோயிலில் கல்யாணம். சலவைக்காரர் வீட்டில் பெண்ணெடுத்தான் என்று ஜொகூர் அக்கா ஒரு வருடம் கடிதம் போடவில்லை. பிறகு, குழந்தை பிறந்த செய்தி கேட்டு, இரண்டு பலாப்பழத்தோடு பஸ் பிடித்து வந்து இறங்கினாள். குவீன்ஸ்டவுனில் வாடகைக்கு ஓர் அறை வீடு கிடைத்தது. பாக்கியம் காலையில் அப்பா கடைக்கும், பழைய வெள்ளிச் சாமானோ காசோ வந்தால் மத்தியானம் கபீர் கடைக்கும் போவாள். கபீர் அவளுக்கென்று தெற்குப் பார்த்த சன்னலோரம் ஒரு மேசை போட்டிருந்தார். யார் உட்கார்ந்தாலும் எழுப்பிவிடுவார். அவளைக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ளச் சொல்லி வேலாயுதம் பலமுறை கேட்டான். கற்றுக்கொண்டாள். அதற்கு மேல் எழுத்து வேண்டாம், கண் கெட்டுவிடும் என்று சிரித்தாள்.

அந்த ஏழு காசைப் பற்றி அவர்கள் இருவரும் பேசியதே இல்லை. சண்டையில்கூட அவன் அதை எடுத்ததில்லை. கறுப்பைத் தொடாதீர்கள் என்று சொன்னவளே எப்படித் தேய்த்தாள் என்ற கேள்வி எப்போதாவது தலைகாட்டும். மனித ஞாபகம் அப்படித்தான் என்று விட்டுவிடுவான்.

1966-ல் துரைசாமிக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் பாக்கியம் வென்னீர் வாங்கப் போயிருந்தாள். கிழவர் வேலாயுதத்தைப் பக்கத்தில் வரச்சொல்லி, தலையணையிலிருந்து எழாமலேயே பேசினார்.

"மாப்பிள்ளை, அந்தக் காசு ஏழையும் தேய்ச்சது நான்தான். நீங்க காலையில காலையில வந்து உக்கார்றதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். எப்படியும் பொண்ணு கேட்டு வருவீங்கன்னு எனக்கு ஒரு நினைப்பு. வரப்போற மாப்பிள்ளையோட பொருள் நம்ம கடையிலேர்ந்து அழுக்காத் திரும்பிப் போகக்கூடாதுன்னு பட்டுச்சு. சாமி முன்னாடி வெச்சுக் கொடுக்கலாம்னு புளி போட்டுத் தேய்ச்சேன். அவ அன்னிக்கு சாயங்காலம் கடையிலயே இல்லை. துணி குடுக்க ஃபேரர் பார்க் போயிருந்தா. திரும்பி வந்து பார்த்துட்டு என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. காலையில நீங்க வந்ததும் தான் தேய்ச்சதாச் சொல்லிட்டா."